கருத்த தினைக் கதிர்

எங்கள் மலையின் குண்டூர் நாட்டில் செல்லமுத்து என்று விசாரித்தால், "தினை டாக்டரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவர் டாக்டர் இல்லை. விவசாய இலாகாவில் டெமான்ஸ்ட்ரேட்டர். ஊர் ஊராக நடந்து விதைக்கும் எருவுக்கும் யோசனை சொல்கிற வேலை. டாக்டர் பட்டத்துக்கு அவர் ஒரே ஒரு முறை மனுப் போட்டார். அது கிடைக்கவில்லை. மலைக்காரன் என்பதால் தள்ளிவிட்டார்கள் என்று இங்கே பலர் கோபமாகச் சொல்கிறார்கள். நடந்தது அதுவல்ல. அவர் வாயால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய அப்பா சின்னராசு மலையில் தினையும் மிளகும் பயிரிட்டவர். அந்த மிளகை வாங்குகிறவர் அடிவாரத்து முள்ளுக்குறிச்சி வியாபாரி அமீர் ஹம்சா. அவர்தான் சிறுவனாக இருந்த செல்லமுத்துவைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துப் பள்ளியில் சேர்த்தார். பிறகு ராசிபுரம், சேலம், கோயம்புத்தூர் என்று படிப்பு நீண்டது. மலைக்கு விடுமுறையில் மட்டும்தான் வருவார்.

1938இல் சென்னையில் பயிர் நோய்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்க ஒரு மாணவரை எடுப்பதாக விளம்பரம் வந்தது. செல்லமுத்து மனுப் போட்டார். அவரிடம் சொந்தமாக ஒரு கேள்வி இருந்தது. தினையில் கரிப்பூட்டை என்று ஒரு நோய் உண்டு. மணி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கரித்தூள் இருக்கும். அந்த நோய் விதையோடு வருகிறதா, மண்ணிலேயே கிடந்து வருகிறதா? நம் மலைத் தினையில் இதை யாரும் ஆராய்ந்ததில்லை. அதைத்தான் செய்யப் போவதாக எழுதியிருந்தார். புரட்டாசிக் கடைசியில் நேரில் வரும்படி பேராசிரியர் பதில் போட்டார். நோய் பிடித்த கதிர்களையும் கொண்டுவர வேண்டும், மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தே பேசலாம் என்று அதில் இருந்தது.

செல்லமுத்து கதிருக்காக மலையேறி வந்தார். ஓயாத மழை. அப்பாவின் தினைக் காட்டில் எங்கு பார்த்தாலும் கருத்த கதிர்.

"டாக்டராயிட்டு என்ன பண்ணுவே கண்ணு? தினைக்கு ஊசி போடுவியா?" என்று அப்பா கேட்டார்.

"நோவு எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கோணுங்கப்பா."

"அதுக்கு மெட்ராசுக்கு எதுக்குப் போறே? நோவு இங்கதான இருக்குது!"

கேலிதான், ஆனால் அப்பாவுக்குப் பெருமை இருந்தது. வாய்விட்டுக் கேட்டிருந்தால் எதையும் கொடுத்திருப்பார். செல்லமுத்து கேட்கவில்லை. முதல் கதிரைச் சாமிக்குப் படைக்கும் வரை காட்டில் யாரும் ஒரு கதிரைக்கூடப் பறிக்கக் கூடாது என்பது மலையின் வழக்கம். அந்த ஆண்டு மழை பிந்தியதால் படையல் ஐப்பசிக்குப் போய்விட்டது. முந்தைய விடுமுறையில் கோயில் எல்லைக்குள் செருப்போடு நடந்துவிட்டு, "கீழ்நாட்டான் ஆயிட்டான்" என்று ஊரார் பேசியதைக் கேட்டிருந்தார். மறுபடியும் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்க அவருக்கு மனமில்லை. மழையில் நனைந்துகொண்டே காட்டு ஓரத்தில் நின்று கதிரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். படித்த பிள்ளைக்குக் காட்டு வேலை என்றால் கூச்சம் போலிருக்கிறது என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

முள்ளுக்குறிச்சியில் அமீர் ஹம்சா வாசலுக்கே வந்துவிட்டார். "கதிர் எங்கே தம்பி? வெறுங்கையோட வர்றே?"

"அறுப்புக்கு இன்னும் நாளாகுமுங்க பாய். அதுக்கு முந்திப் பறிக்கக் கூடாதுங்க."

"என்னமோப்பா, உங்க மலை வழக்கம் உனக்குத்தான் தெரியும்" என்று சொல்லி வழிக்கு வாழைப்பழம் கட்டிக் கொடுத்தார்.

சென்னையில் பேராசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். செல்லமுத்து கரிப்பூட்டைக் கதிரைப் படமாக வரைந்து காட்டினார். "படம் சரி. புத்தகத்திலும் இதுவே இருக்கிறது. உங்கள் மலையில் இருப்பது இதே நோய்தானா, வேறு வகையா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?" என்றார் பேராசிரியர். செல்லமுத்து படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் நோய் பிடித்த கரும்பை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இடம் அவருக்குப் போயிற்று. "அடுத்த வருஷம் கதிரோடு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஊர் திரும்பியபோது வெயில் அடித்தது. படையல் இன்னும் ஆகவில்லை. ஆனால் காட்டில் தங்கை பாவாயி கருத்த கதிர்களாகப் பிடுங்கிக் கூடையை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"யாரு உன்னைக் கை வைக்கச் சொன்னது? சாமிக்கே இன்னும் படைக்கலையே!" என்று செல்லமுத்து கத்திவிட்டார்.

"அட, கருத்ததையா சாமிக்குப் படைப்பாங்க? இது கதிருலயே சேத்தி இல்லீங்கண்ணா. கண்டதும் புடுங்கி நெருப்புல போடறதுதான். மழையில எரியாதுன்னு விட்டு வெச்சிருந்தோம்." அவள் சிரித்தாள். "அன்னைக்கு நின்னு நின்னு பாத்தீங்களே, நாலு புடுங்கிப் போட்டிருந்தா எனக்கு வேலையாச்சும் கொறஞ்சிருக்கும்."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. விஷயம் தெரிந்த அப்பா, "ஒரு வார்த்தை கேட்டிருந்தாக் கூடையோட குடுத்திருப்பேனே சாமி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சிறு வயதில் கீழே போன மகனுக்கு வழக்கம் தெரியும், அதற்குள் இருக்கும் விதிவிலக்கு தெரியாது என்பது வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தெரியாது என்று காட்டிக்கொள்ள அவருக்கும் வெட்கம்.

அடுத்த புரட்டாசிக்குள் உலகச் சண்டை வந்துவிட்டது. ஆராய்ச்சி மாணவருக்குக் கொடுத்துவந்த உபகாரச் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். சண்டை முடிந்தபோது அவருக்கு வயது கடந்துவிட்டது.

இப்போது அவர் மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் விதையை நனைத்து விதைக்கச் சொல்கிறார். விதையில் ஒட்டி வரும் நோய்க்கு அது மருந்து. மண்ணில் கிடக்கும் நோயை அது ஒன்றும் செய்யாது. போன மாதம் தேவனூர் நாட்டில் கண்ணாயி என்பவர் அவரைக் காட்டு வழியில் நிறுத்தினார். அப்போது நானும் கூட இருந்தேன்.

"ஏனுங்க, நீங்க சொன்னபடிதான் நனைச்சு வெதைச்சோம். பாதிக் காடு கருத்துப் போச்சுங்களே. இந்த நோவு வெதையில வருதுங்களா, மண்ணுல வருதுங்களா?"

"தெரியலீங்க."

"படிச்ச உங்களுக்கே தெரியலீங்களா?"

"அதைப் படிக்கத்தான் போனேனுங்க" என்றார் செல்லமுத்து. பிறகு பையைத் திறந்து மயில்துத்தப் பொட்டலம் ஒன்றை எடுத்து, இந்த வருஷமும் இதையே போட்டுப் பாருங்கள் என்று அந்த அம்மாளிடம் கொடுத்தார்.