எட்டாவது டின்

மலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீட்டில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அடுப்புக்கு மேலே இருக்கும் பலகை. மற்ற இடமெல்லாம் பனி இறங்கி ஈரம். ரிங்லெட் கடைத்தெருவில் வாங்கிவரும் மிளகாய்த்தூள் மூன்றே நாளில் கட்டிப்போகும். அதனால் மகளின் பால்மாவு டின் காலியானதும் கழுவித் துடைத்து, மசாலாவைக் கொட்டி, அந்தப் பலகையில் அடுக்கிவிடுவேன். இந்த லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஏழு டின்கள், ஏழிலும் அதே சிரிக்கும் குழந்தைப் படம். பேர் எழுதி ஒட்டியதில்லை. விளிம்பு நசுங்கியது மிளகாய், மூடி உடைந்தது மல்லி. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன் என்று பீற்றிக்கொண்டவளும் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தேன். கணவர் முன்வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான்கு வயது மகள் பால்மாவு அள்ளித் தின்ன நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறியிருக்கிறாள். டின் அவள் கண்ணுக்கு மேலே இருந்தது. உள்ளே என்ன நிறம் என்று பார்க்காமலே கரண்டியை விட்டு அள்ளி, வாயில் போட்டுக்கொண்டாள். மிளகாய்த்தூள். அவள் கத்திய கத்தலில் லயமே கூடிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்காதான் பாலை ஊற்றிக் கொடுத்து, கையைக் கண்ணில் வைக்கவிடாமல் பிடித்துக்கொண்டார். அழுகை அடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"ஒத்தப் புள்ளய வெச்சிக்கிட்டு இப்பிடியாலா அடுப்படிய வெச்சிருப்ப?"

என் கணவர் ஒரு படி மேலே போனார். "வீட்டுல ஒரு பொம்பள இருந்து என்னாத்துக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரும்தான் வீட்டில் இருந்தார். மோட்டார் மட்டும் பளபளவென்று இருந்தது. ஆனாலும் அத்தனை பேர் முன்னால் மகளின் முகத்தைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதும்தானே என்ற உறுத்தல்.

மத்தியானம் ஆத்திரத்தோடு பலகையைக் காலி செய்தேன். மஞ்சள், சீரகம், சோம்பு என்று ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணாடி போத்தலில் கொட்டினேன். ஏழும் முடிந்தது. பலகையில் இன்னொரு டின் நின்றது. நான் வைக்காத டின். மிளகாய் டின் நின்ற இடத்துக்கு அடுத்தது.

திறந்தேன். வெள்ளைத் தூள். பால்மாவு மாதிரியே இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும்தான் லேசாக மருந்து நெடி தெரிந்தது. அவர் வேலை செய்யும் கோலா தெர்லா காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோசுக்கு அடிக்கிற பூச்சி மருந்து.

"இது என்னாங்க?"

"நம்ம வீட்டுப் பின்னால நாலு கோஸ் இருக்கில்ல, அதுக்குக் கொஞ்சூண்டு கொண்டாந்தேன்."

"அடுப்படியிலயா வெப்பீங்க? அதுவும் பால் டின்லயா?"

"வேற எங்க வெக்கிறது? வெளிய வெச்சா கட்டிப்போயிடும்லா."

காலையில் வீட்டில் பொம்பளை எதற்கு என்று கேட்ட அதே வாய். அன்று நான் கத்தியது கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். அவர் டின்னை எடுத்துப்போய்க் கொல்லையில் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினார். பனியில் அது கட்டிப்போனது.

இப்போது மசாலாவெல்லாம் கண்ணாடி போத்தலில், தாழ்ப்பாள் போட்ட அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பேர் ஒட்டியிருக்கிறேன். காலியான பால் டின்னைக் காலால் மிதித்து நசுக்கித்தான் குப்பையில் போடுகிறேன். "இன்னுமா ஒனக்குக் கோவம் போகல?" என்று அவர் சிரிக்கிறார். போகவில்லை. மகள் அன்று அழுத அழுகையை லயத்தில் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள். கரண்டி ஒரு சாண் தள்ளி அந்த எட்டாவது டின்னுக்குள் போயிருந்தால் அவள் அழுதே இருக்கமாட்டாள். பால்மாவு என்று நக்கிவிட்டு இன்னொரு கரண்டி அள்ளியிருப்பாள். நானும் பின்னால் நிம்மதியாகத் துணி அலசிக்கொண்டிருந்திருப்பேன்.