நான்காவது ஜெபக் குறிப்பு

தம்பி இந்த ஊரில் வந்து இறங்கியபோது அவனுக்கு இருபத்துமூன்று வயது. இரண்டு பெட்டி, ஒரு கிட்டார், ஒரே வருஷத்தில் நாட்டையே திருத்திவிடப் போகிற முகம். நான் நாலு வருஷம் முன்னால் வந்து அந்த முகத்தை எப்போதோ தொலைத்தவன். புது மிஷனரி ஒருவனை என் அறைக்கு அனுப்புகிறோம் என்று தலைமையகத்திலிருந்து தகவல் வந்தபோது, பாத்திரம் தேய்க்க ஓர் ஆள் கிடைத்தான் என்றுதான் சந்தோஷப்பட்டேன். கூடப் பிறந்தவன் இல்லை. அவன் என்னை அண்ணா என்றான், நான் தம்பி என்றேன், அதுவே நிலைத்துவிட்டது.

மூன்றாவது மாடியில் ஓர் அறை, இரண்டு இரும்புக் கட்டில், நடுவில் ஒரு மேசை. அதில்தான் சாப்பாடு, அதில்தான் படிப்பு, அதில்தான் இஸ்திரி. சன்னலைத் திறந்தால் எதிரே ஒரு லாரி கம்பெனியின் கிடங்கு. காலையில் சபைக் கூடத்தில் குழந்தைகளுக்கு வகுப்பு, மதியத்துக்கு மேல் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும் வேலை. தட்டுவது நம் ஊழியம், சாத்துவது அவர்கள் ஊழியம் என்று நான் சொல்வேன். தம்பிக்கு அந்த ஜோக் கடைசிவரை பிடிக்கவில்லை.

அவனுக்கு ஒரு விசித்திரமான கஷ்டம் இருந்தது. வருவதற்கு முன்பு எட்டு மாதம் தபால் வழியில் இந்த ஊர் பாஷையைப் படித்திருந்தான். எழுத்தெல்லாம் தண்ணி பட்ட பாடு. பஸ் பலகை, மருந்துப் பாட்டில், வக்கீல் நோட்டீஸ், எதைக் கொடுத்தாலும் வாசித்துவிடுவான். வாயைத் திறந்து பேசத்தான் வராது. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான். பிரசங்கம் பண்ண வந்தவனுக்குச் சோப்பு வாங்கத் தெரியவில்லை. முதல் மூன்று மாதம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்தான், பாவம். “கண்ணுல சோப்பு பட்டுடுச்சு அண்ணா” என்று சொல்லிக்கொண்டே வெளியே வருவான். ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். நான் பேசியதெல்லாம், “சோப்பை மாத்து” என்பதுதான்.

அவனுக்கு முதல் நண்பர் கிடைத்தது எதிர்க் கிடங்கில். தலைமையகம் அனுப்பும் புத்தகக் கட்டு மாதம் ஒருமுறை அங்கே வரும், தம்பி போய் வாங்கி வருவான். கிடங்குக்காரர் நாற்பதைத் தாண்டியவர். தொப்பையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக, தெருமுனைவரை கேட்கும்படி சிரிக்கிற மனிதர். முதல் தடவை, “கண்ணாடிய வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன், உங்க கட்டு எதுன்னு நீங்களே பாத்து எடுத்துக்குங்க” என்றார். இரண்டாம் மாதமும் கண்ணாடி வீட்டில் இருந்தது. மூன்றாம் மாதம் தம்பி தன் அரைகுறைப் பேச்சில், “அண்ணே, உங்க மூக்குல கண்ணாடி போட்ட தடமே இல்லையே” என்று கேட்டுவிட்டான். அவர் முகம் சுண்டிப்போயிற்று. கட்டை நகர்த்திவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு எங்கள் கதவை யாரோ தட்டினார்கள். ஊர்க் கதவையெல்லாம் நாங்கள் தட்டியிருக்கிறோம், எங்கள் கதவை ஒருவர் வந்து தட்டியது அன்றைக்குத்தான். கிடங்குக்காரர் நின்றிருந்தார்.

“உங்களுக்குப் பேச வரல, எனக்குப் படிக்க வரல. மாத்திக்கலாமா?” என்றார்.

இப்படித்தான் ஆரம்பமாயிற்று. ஒரு மணி நேரம் அவர் தம்பியைப் பேச வைப்பார், அடுத்த ஒரு மணி நேரம் தம்பி அவருக்கு எழுத்துச் சொல்லித்தருவான். சன்னல் திரை மூடியிருக்க வேண்டும், வெளியே மூச்சுவிடக் கூடாது. இது அவருடைய ஒரே நிபந்தனை. வேலையில் சேரும்போது எட்டாம் வகுப்பு முடித்ததாகச் சொல்லியிருந்தார், ஆனால் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. பதினேழு வருஷமாக அந்தக் கிடங்கை ஞாபகத்தை வைத்தும், பெட்டிகளில் கலர் சாக்பீஸால் கோடு போட்டும் ஓட்டியிருக்கிறார். ஒரு பெட்டி தவறியதில்லை. வீட்டில் மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். பன்னிரண்டு வயது மகள் மதிப்பெண் அட்டையை நீட்டினால், “எங்க, நீயே சத்தமா வாசி, உச்சரிப்பு எப்படின்னு பாப்போம்” என்று கம்பீரமாகச் சாய்ந்து உட்கார்ந்து கேட்பாராம்.

“என் பொண்ணு என்னைப் பெரிய அறிவாளின்னு நெனச்சிட்டிருக்கா, வாத்தியாரே. அவ எழுதினதை ஒருநாள் நானே படிச்சுக் காட்டணும். அதுக்குள்ள விஷயம் வெளிய தெரிஞ்சா வேலையும் போச்சு, அவகிட்ட என் மரியாதையும் போச்சு.”

தன்னைவிட இருபது வயது சின்னவனை வாத்தியாரே என்று கூப்பிடுவதில் அவருக்குக் குஷி. “மொதல்ல திட்டக் கத்துக்குங்க, கொஞ்சறது தானா வரும்” என்று அவர் ஆரம்பித்த விதத்தில், தம்பி நாலே மாதத்தில் பஸ் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்கும் அளவுக்குத் தேறினான். குழாய்ச் சத்தம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலிருந்தே அவன் முகத்தில் ஒரு களை வந்துவிடும். நான் கட்டிலில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி பாவனை செய்வேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமை. வந்த நாளிலிருந்து என்னைத் தேடி ஒரு ஆள் அந்த மாடிப் படி ஏறியதில்லை.

இனி நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

பணம் அனுப்பி எங்களைத் தாங்குகிற சபைகளுக்கு மாதம் ஒரு ஜெபக் கடிதம் எழுத வேண்டும். அதன் கடைசியில், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று நாலு ஜெபக் குறிப்புகள் கட்டாயம். அச்சடித்த தாளிலேயே நாலு எண் போட்டிருக்கும். அந்த மாதம் தம்பிக்கு மூன்றுதான் தேறியது. உடல் சுகம், குழந்தைகள் வகுப்பு, விசா. பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“உன் ஆளைப் போடேன்” என்றேன்.

“அவர்கிட்ட கேக்காம எப்படி அண்ணா?”

“பேரைப் போடாதே. எங்கேயோ இருக்கிறவங்க அவருக்காக ஜெபம் பண்ணினா நல்லதுதானே? கெட்டதா?”

எழுதினான், கண் கலங்கக் கலங்க எழுதினான். நான் படித்துப் பார்த்து, “உருக்கமா இருக்கு” என்று சான்றிதழ் கொடுத்துத் தபாலில் சேர்த்தேன். அவர் பெயர் மட்டும்தான் அதில் இல்லை, மற்றதெல்லாம் இருந்தது.

தலைமையகம் ஒரு காலாண்டுப் பத்திரிகை நடத்துகிறது. கடிதத்தின் உருக்கத்தில் மயங்கிய யாரோ ஒரு புண்ணியவான் அதை எடுத்து அதில் போட்டுவிட்டார். பத்திரிகை ஆறு பாஷைகளில் வரும், அதில் இந்த ஊர் பாஷையும் ஒன்று. இது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும், தெரிந்தும் எங்கள் மண்டையில் உறைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அந்த இதழோடு புத்தகக் கட்டு வந்தது. எடுத்துக் கொடுத்தவர் கிடங்குக்காரர்தான். நாங்கள் பிரித்துப் பார்க்காமல் அப்படியே சபைக் கூடத்து மேசையில் கொண்டுபோய் வைத்தோம்.

புதன்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம். சபை மூப்பர் பத்திரிகையைப் பிரித்து, “நம்ம ஊரைப் பத்தியே வந்திருக்கு, ஸ்தோத்திரம்!” என்று சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். மிஷனரிகளின் சன்னலுக்கு எதிரே உள்ள கிடங்கு. பதினேழு வருஷம். சாக்பீஸ் கோடுகள். ஒன்றும் தெரியாத மகள். தம்பியின் கை என் முழங்கையைப் பிடித்தது. நான் எழுந்து நிறுத்தச் சொல்லவில்லை. நாற்பது பேர் கண்ணை மூடி, எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கிடங்குக்காரருக்காக உருகி உருகி ஜெபித்தார்கள். எல்லோரையும்விட அதிகம் உருகியவர் லாரி கம்பெனி மேனேஜரின் மனைவி. நல்ல மனுஷி. வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு பரிமாறும்போது கணவரிடம் பரிதாபத்தோடுதான் சொல்லியிருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை சன்னலைத் திறந்தபோது சாவிக்கொத்து வேறொருவர் இடுப்பில் இருந்தது. கிடங்குக்காரர் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். தம்பி செருப்புகூடப் போடாமல் ஓடினான். நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மூட்டையை இறக்கி வைக்காமலே ஏதோ சொன்னார், இவன் திரும்பி வந்தான்.

“வேலை நேரத்துல பேசக் கூடாதுன்னு உத்தரவாம். ஞாயித்துக்கிழமை வரேன்னு சொன்னாரு அண்ணா.”

இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்கிற வாக்கியங்களை எழுதி எழுதி அடித்தான், முணுமுணுத்துப் பார்த்தான். பேசக் கற்றுக்கொடுத்தவரிடமே போய் அந்தப் பாஷையில் மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலைமை.

ஞாயிற்றுக்கிழமை அதே இரண்டரை மணிக்கு வந்தார். தம்பி பழக்க தோஷத்தில் திரையை இழுத்து மூடப் போனான்.

“இனிமே எதுக்கு?” என்றார்.

வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த அந்தப் பத்திரிகைத் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். தம்பி தான் தயார் செய்த வாக்கியத்தை ஆரம்பித்தான். அவர் கையை உயர்த்தினார்.

“மொதல்ல நான் சொல்லிடறேன். மேனேஜர் இதைக் குடுத்து, இது நீதானான்னு கேட்டாரு. நான்தான்னேன். வீட்டுக்குக் கொண்டுபோய், வழக்கம்போல பாப்பாவை வாசிக்கச் சொன்னேன். அவளுக்கு எப்படியும் தெரியத்தானே போகுது, என் முன்னாடியே தெரியட்டும்னு நெனச்சேன். வாசிச்சா. குரல் கொஞ்சம்கூட நடுங்கல. நான் பக்கத்துல உக்காந்து எழுத்து மேலயே கண்ணை வெச்சிருந்தேன். கடைசி வரியில ஒரு வார்த்தையை விட்டுட்டுத் தாண்டிப் போயிட்டா. தாண்டினது எனக்குத் தெரிஞ்சுது, வாத்தியாரே. போன வருஷமா இருந்தா தெரிஞ்சிருக்காது.”

தாளைத் தம்பியின் பக்கம் திருப்பி, ஒரு நீளமான வார்த்தையின் கீழ் விரலை வைத்தார்.

“எழுத்துக் கூட்டிப் பாத்தேன், பாதிக்கு மேல வரல. அவகிட்ட கேக்க மனசு வரல. இது என்ன?”

தம்பி பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன். அவர் காத்திருந்தார்.

“அவமானத்துக்குரிய” என்றான் தம்பி.

“அவமானத்துக்குரிய” என்று அவர் விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி ஒருமுறை சொன்னார். பிறகு அந்த வரியை ஆரம்பத்திலிருந்து, ஒரு தப்பும் இல்லாமல், தானே வாசித்தார். “அவமானத்துக்குரிய இந்த வாழ்க்கையிலிருந்து என் நண்பருக்கு விடுதலை கிடைக்க ஜெபியுங்கள்.”

தாளை மறுபடியும் நாலாக மடித்தார்.

“இது என் காதுல விழ வேணாம்னு அவளுக்குத் தோணியிருக்கு. பன்னெண்டு வயசுப் பொண்ணு. உங்களுக்கு ஏன் வாத்தியாரே தோணல?”

தம்பி மேசைமேல் முகத்தைக் கவிழ்த்து அழுதான். இந்தத் தடவை குழாய் எதுவும் திறந்திருக்கவில்லை. எழுதச் சொன்னவன் நான் என்று அவன் சொல்லவில்லை. சொல்வான், சொல்லிவிடுவான் என்று நான் காத்திருந்தேன், அதைவிடக் கேவலம் வேறில்லை. நானாகவாவது சொல்லியிருக்க வேண்டும். கிடங்குக்காரர் அவன் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவருக்கு மூட்டை இறக்கும் வேலை இருந்தது.