லயத்துச் சுவரும் கிளிப் மைக்கும்

சனிக்கிழமை நெருங்கினாலே எனக்கு உடம்பு முன்கூட்டியே அசந்துவிடுகிறது. சாந்தன்பாறைக்கு மேலே ஒரு ரிசார்ட்டில் என் வீட்டுக்காரர் சனிக்கிழமை சாயங்காலம் சாக்ஸபோன் ஊதுகிறார். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரின் புகையில் நெஞ்சு கெட்டு, அந்த வேலையை விட்டு நின்ற பிறகு அவருக்கென்று இருப்பது அது ஒன்றுதான். பெடல் பெட்டிகளை அவரால் தூக்க முடியாது, அதனால் நானும் போகிறேன். காலால் மிதிக்கிற பெட்டிகள் அவை. ஒன்று எதிரொலி விடும். இன்னொன்று, வெட்டவெளியில் ஊதினாலும் மாதாகோயிலுக்குள் ஊதுவதுபோலக் கேட்கவைக்கும். அவரோடு கிட்டார் வாசித்த கூட்டாளி கல்ஃபுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனவை.

மழைக்கு முன்னால் ஒரு நாள் ரிசார்ட் மேனேஜர் இவரைத் தனியே கூப்பிட்டார். ஸ்டாண்ட் மைக்குக்கு நேராக நின்றால்தான் சத்தம் ஒழுங்காக வரும். இவரோ முட்டிவலியில் கால் மாற்றி மாற்றி நிற்கிறார், சத்தம் வருகிறது, போகிறது. சாக்ஸபோனிலேயே மாட்டுகிற மைக் ஒன்று வாங்குங்கள், இல்லாவிட்டால் நாங்கள் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொள்கிறோம் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் இவரும் கோபப்பட்டிருப்பார். தன்மையாகச் சொன்னதால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

போடிமெட்டு வழியாக பஸ்ஸில் தேனிக்குப் போனோம். வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது. கடைக்காரத் தம்பி முதலில் காட்டியது நல்ல மைக்தான். ஆனால் அதற்குக் கரண்ட் கொடுக்கத் தனிப்பெட்டி வேண்டும், எங்கள் பெடலில் அதன் வயரும் சேராது, விலையும் எங்களுக்கு ஆகாது. அடுத்தது பிரசங்கம் பண்ணுகிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்கிற சின்ன மைக். மலிவு. அதை மாட்டி ஊதினால் பாட்டைவிட, விரல் அழுத்துகிற பொத்தான்கள் டக்டக்கென்று தட்டுவதுதான் அதிகம் கேட்டது. கடைசியில் ஒன்று: சாக்ஸபோன் வாய் விளிம்பைக் கவ்வுகிற ரப்பர் கிளிப், வளைகிற கழுத்து, வயர் கிடையாது. சத்தம் வாங்குகிற குட்டிப் பெட்டியை நேராகப் பெடலில் செருகலாம். விலையும் தோதாக இருந்தது.

ஊதிப் பார்க்கச் சொன்னதும் இவர் கடைச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். லயத்தில், எங்கள் தோட்டக் குடியிருப்பில், அப்படித்தான். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டோரில் ராத்திரி வேலை முடித்துப் பகலில் தூங்குவார். அதனால் சுவரில் கம்பளியைத் தொங்கவிட்டு, அதைப் பார்த்து அடக்கி ஊதித்தான் பழக்கம். கடையிலும் அந்த மூச்சுதான் வந்தது. எனக்கு அது வீட்டில் இருப்பதுபோல இருந்ததே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை.

"என்னய்யா, கொசுவுக்குத் தாலாட்டா?" என்று சிரித்துக்கொண்டே அந்தத் தம்பி மைக்கில் எதையோ திருகி, சின்ன மூச்சும் பெரிதாகக் கேட்கும்படி ஏற்றிவைத்தான். சத்தம் தேனாக வந்தது. வாங்கிக்கொண்டு மலையேறினோம்.

சனிக்கிழமை புல்வெளியில் கெஸ்ட் எல்லாரும் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் வழக்கம்போலச் சமையல்கட்டுக் கதவோரம் நின்றேன். அந்தப் புல்லில் அதுவரை நான் கால் வைத்ததில்லை. இவர் வெளியில் ஊதுகிற மாதிரி நெஞ்சை நிறைத்து ஊதினார். முதல் ஊதலிலேயே ஸ்பீக்கர் கிழிந்ததுபோல அலறியது. எதிரொலிப் பெட்டி அந்த அலறலைத் திரும்பத் திரும்ப விட்டது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. கடைக்காரத் தம்பி எதைத் திருகினான் என்று தெரியாமல் இவர் பெட்டியைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், மறுபடி ஊதினார். அதே அலறல்.

மேனேஜர் மலையாளமும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டே வேகமாக வந்தார். "அண்ணா, மதி, போதும். காதைப் பொத்துறாங்க, பாருங்க."

இவர் சாக்ஸபோன் தொங்குகிற கழுத்து வாரைக் கழற்றக் கை வைத்ததைப் பார்த்தேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, புல்லில் நடந்து அவர் பக்கத்தில் நின்றேன். எல்லார் கண்ணும் என் மேலே இருந்தது. தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்.

"ஏங்க, கம்பளியப் பாத்து ஊதுவீங்கள்ல, அப்பிடி ஊதுங்க."

அவர் வாரிலிருந்து கையை எடுத்தார். பிறகு கண்ணை மூடி, லயத்தில் ஊதுகிற அந்தச் சின்ன மூச்சில் ஊதினார். மைக் அதை எடுத்து, பெட்டிகள் அதை நீட்டி, புல்வெளி முழுக்கப் பரப்பின. அழுத குழந்தை அடங்கியது. மேனேஜர் தள்ளிப்போய் நின்றார். கிளம்பும்போது, அடுத்த சனிக்கிழமை சீக்கிரம் வந்துவிடுங்கள் என்றார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஜீப்பில் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு, இனி இவருக்கு நெஞ்சு வலிக்காது என்று நினைத்தபடி வந்தேன். பாதி வழியில் அவர் வாய் திறந்தார்.

"அந்தப் புல்லுல மட்டுந்தான் புள்ள நான் வாய்விட்டு ஊதுனேன். இப்ப அங்கயும் லயம்தானா?"

வளைவில் பெட்டிகள் மடியிலிருந்து சரிந்தன, இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

இப்போதும் போகிறோம். கெஸ்ட் சாப்பிட உள்ளே போனதும், மைக்கைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பள்ளத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை முழு மூச்சாக ஊதுவார். சமையல்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவருடைய இருமல் அடங்கும்வரை நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பேன்.