அத்தான் போனில் என் கணக்கு

காலை ஒன்பதே முக்காலுக்கு எங்கள் கிடங்கில் மணி அடிக்கும். 'பௌஸ' என்பார்கள், டீ குடிக்கிற இடைவேளை. நெதர்லாந்தில் டில்பர்க் ஊருக்கு வெளியே, ஜன்னலில்லாத ஓர் அறையில், ஆரஞ்சு நிற மேல்சட்டையோடு நான் கோப்பையைக் கையில் எடுக்கும் நேரத்தில் என் போனில் செட்டிநாட்டு வீடுகள் வந்து இறங்கும். தேக்குக் கதவு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, இலை நிறையச் சாப்பாடு. எடுத்தவர் என் அத்தான், அக்காவின் கணவர். ஊர் அரியக்குடி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைச் சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பழைய வீடுகளைக் காட்டுவது அவர் தொழில்.

பக்கத்தில் உட்காரும் யான் என்ற டச்சுக்காரன் ஒருநாள் எட்டிப் பார்த்து, "உங்கள் வீடா?" என்றான். அக்கா கணவர் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டுகிற வீடு என்று எனக்குத் தெரிந்த டச்சில் விளக்கினேன். அக்கா கணவரின் வீடு என்று அவன் எடுத்துக்கொண்டான். மறுநாள் வேறு வீடு, அதற்கு மறுநாள் இன்னொன்று. நாலாம் நாள் அவனால் தாங்க முடியவில்லை. "இத்தனை அரண்மனைகளை விட்டுவிட்டு இங்கே ஏன் பெட்டி தூக்குகிறாய்?" என்று கேட்டே விட்டான். சிரித்து மழுப்பினேன். ஏன் பெட்டி தூக்குகிறாய் என்று ஊரில் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு நான் இன்னமும் ஆபீசில் உட்கார்ந்து இயந்திர வரைபடம் போடுகிறவன். அந்த வேலை போய் எட்டு மாதமாகியிருந்தது.

அத்தானின் படங்கள் எனக்கு வந்ததற்குக் காரணம் என் அவசரம். வேலை போவதற்கு முன், போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது அவருக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். நான் விமானம் ஏறப் புறப்படும் நேரம். அவருடைய பாஸ்வேர்டு அவருக்கே மறந்துபோயிருந்தது. இப்போதைக்கு என் கணக்கைப் போட்டுவிடுகிறேன், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். நம் ஆட்களின் 'அப்புறம்' என்றைக்கு வந்திருக்கிறது? அவர் எடுக்கிற படமெல்லாம் என் கணக்கின் கிளவுடில் ஏறி என் போனிலும் தெரிந்தது. எனக்கு அது பிடித்துப்போனதால் அவரிடம் சொல்லவில்லை.

ஒருநாள் வீட்டுக்குப் பதிலாக மதுரைக் கண் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று வந்தது. அடுத்த தேதி மறக்காமலிருக்க எடுத்திருப்பார். இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதியிருந்தது. மறுநாள் கானாடுகாத்தான் வீதியில் அவருடைய காரும், அதன் முன்னால் நான்கு வெள்ளைக்காரர்களும் நிற்கிற படம். அக்காவைக் கூப்பிட்டு அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவுகளுக்கென்ன, சவாரிக்குப் போயிருக்காக" என்றாள். அவளுக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் அத்தானிடமே கேட்டேன். "கண்ணை இப்படி வச்சுக்கிட்டு ஏன் அத்தான் வண்டி ஓட்டுறீக?"

யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. "முதுகுவலி தேவலையா மாப்ள?" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷமாயிற்று. கிடங்குச் சுவரில் ஒட்டும் ஷிப்ட் பட்டியலை வாராவாரம் படமெடுத்துக்கொள்வேன். ஒரே கணக்கு என்பதால் என் படங்களும் அவர் போனில் தெரிந்திருக்கின்றன. "பன்னெண்டாவதா ஒம்பேரு. பெருசாக்கித்தான் படிச்சேன். முதுகுல வலிக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு எடுத்த படமும் வந்துச்சு."

"எட்டு மாசமாத் தெரியுமா?"

"நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

அழுதுவிட்டேன். இங்கிருந்து நாம்தான் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நினைப்பு. ஊரும் நம்மைப் பார்க்கும் என்பது எட்டு மாதமும் எனக்கு உறைக்கவில்லை.

"ஒங்கக்காவுக்கு ரெண்டுமே தெரியாது. நீ ஒன் வேலையச் சொல்லு, நா என் கண்ணச் சொல்றேன்" என்றார். பேரம் படிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் இருவரும் சொல்லி முடித்தோம். அக்கா அழவில்லை. "சமைச்சுப் போட மட்டும்தான் இவளுக்குத் தெரியும்னு ரெண்டு பேரும் நெனச்சுட்டீக" என்றாள். கார்ச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். என்னோடு நாலு நாள் பேசவில்லை. கணக்கைப் பிரித்துவிடட்டுமா என்று அத்தானைக் கேட்டேன். கெடக்கட்டும் என்றார்.

அப்புறம் இரண்டு வாரம் படமே இல்லை. தொழில் நின்றுவிட்டதே, அந்த மனுஷன் வீட்டில் என்ன செய்வார் என்று கவலையாக இருந்தது. மூன்றாவது வாரம் ஒன்று வந்தது. ஓடுகிற காரின் கண்ணாடி வழியாகச் சாலை, இருபுறமும் புளியமரம். எடுத்தது முன்னால், இடது இருக்கையிலிருந்து. மறுபடி ஓட்ட ஆரம்பித்துவிட்டார், அதுவும் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு. அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"காலையில சாவியக் குடுத்து அனுப்புறதே நாந்தான். சம்பளத்துக்கு டிரைவர் போட்ருக்கு. அவுக பக்கத்துல உக்காந்து வீட்டுக் கதையெல்லாம் சொல்லிட்டு வாராக. அவுக ஓட்டுறாகன்னு ஒனக்கு யார் சொன்னா?"

இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறாரே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவது இந்த நாட்டில்.

நான் கார் ஓட்டப் பழகியது அத்தானிடம்தான். வலது இருக்கையில் என்னை உட்காரவைத்துவிட்டு, அவர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார்.