எலும்பு வழியே கேட்பது

டக்.

பைக்கின் சைடு ஸ்டாண்டு சிமெண்டுத் தரையில் விழும் சத்தம். அரூரில் நாளெல்லாம் யாராவது வண்டியை நிறுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அடுப்பில் எதையாவது மறந்துவிட்டேனா என்று கண் தேடுகிறது. பாப்பிரெட்டிப்பட்டியில், கணவர் வீட்டில், அந்தச் சத்தத்துக்கும் கதவு திறப்பதற்கும் நடுவிலிருந்த இடுக்கில்தான் என் கல்யாண வாழ்க்கை முழுக்கக் குடியிருந்தேன்.

காதைப் பொத்திக்கொண்டு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, டாக்டர் கேட்டால் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்க்கிறவருக்காக இதை எழுதுகிறேன்.

நானும் ஒத்திகை பார்த்துத்தான் போனேன். கணவர் டாக்டர் அறை வாசலிலேயே நின்றார். காது டாக்டரம்மா விளக்கைப் பாய்ச்சிப் பார்த்தார்.

“எப்படிம்மா ஆச்சு?”

“குளிக்கறப்ப தண்ணி பூந்துடுச்சுங்க.”

அவர் நிமிரவில்லை. வாசலைப் பார்த்து, “சார், நீங்க போய் மருந்து வாங்குற வரிசைல நில்லுங்க, கூட்டமா இருக்கும்” என்றார். கணவர் போனதும் குரல் தாழ்ந்தது. “தண்ணி இப்படிக் கிழிக்காதும்மா. எந்தக் கையால அடிச்சாரு?”

அடித்தாரா என்று கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன்.

“வலது கைங்க.”

இடது செவிப்பறையில் துளை (ஒலி மோதி அதிரும் மெல்லிய சவ்வு கிழிந்துபோவது). இசைக்கவையைத் (தட்டினால் ரீங்கரிக்கும் இரட்டைமுனைக் கம்பி) தட்டிக் காதருகே பிடித்தார். ஒன்றுமில்லை. அதையே காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் வைத்தார். மண்டைக்குள் தேனீ பறந்தது.

“பறைதான் போயிருக்கு. உள்ள நரம்பு நல்லாருக்கு. பயப்படாதீங்க.”

பயப்படாமல் எப்படி? அன்று பின்வாசல் வழியாக ஒரு நர்ஸ் என்னைப் பெண்கள் உதவி மையத்துக்கு அழைத்துப்போனார். கட்டிய புடவையோடு போனவள்தான், வீடு திரும்பவில்லை. துளை தானாக மூடும் என்று காத்திருந்தோம். சீழ் வைத்தது. மூடவில்லை.

ஒரு காதால் மட்டும் கேட்பவருக்குத் திசை தெரியாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். பைக் எந்தப் பக்கம் வருகிறது என்று பிடிபடாது. எல்லாப் பக்கமிருந்தும் கணவர்தான் வருவார். பேருந்து நிலையத்தின் எதிரே சாலையைக் கடக்க முடியாமல் அழுதிருக்கிறேன்.

மையத்தில் வேலைப்பயிற்சி என்றார்கள். முதலில் தையல். மிஷின்கள் நின்றதும் விழும் அமைதியில் காதிரைச்சல் (வெளியே ஒலி இல்லாமல் காதுக்குள் கேட்கும் ஓசை) பொங்கிவிடும். எழுந்து ஓடிவிட்டேன். மிச்சம் இருந்தது பைக் மெக்கானிக் வேலை. எந்தச் சத்தத்துக்குச் செத்தேனோ, அதன் நடுவிலேயே போய் உட்கார்ந்தேன். தைரியம் இல்லை. அமைதியைவிட அது தேவலையாக இருந்தது, அவ்வளவுதான்.

பட்டறை நஸ்ரீனுடையது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். கை முழுக்க கிரீஸ், வாய் முழுக்கக் கிண்டல்.

“அக்கா, இந்த நீள ஸ்குரூடிரைவர் முனைய எஞ்சின் மேல வெய்யுங்க. பிடிய காதுக்குப் பின்னால அழுத்துங்க. எங்க தட்டுதுன்னு சொல்லுங்க.”

கை தானாக இடது பக்கம் போனது. அந்த எலும்புதான் அதற்குப் பழக்கம்.

கேட்டது. மற்ற வண்டிகளின் இரைச்சலெல்லாம் மங்கி, ஒரே ஒரு எஞ்சினின் உள்வீடு முழுக்கக் கேட்டது. மேலே, இடது ஓரத்தில், நகத்தால் தகரத்தைச் சுண்டுவது போல.

“மேல தட்டுது.”

“காது போச்சு காது போச்சுன்னு ஊரைக் கூட்டுனீங்களே! எனக்கு முன்னாடி உங்களுக்குக் கேக்குது.”

சிரித்தேன். உடனே வாசலைப் பார்த்தேன்.

அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்துத் துளையை மூடுவார்கள். கத்திக்குப் பயமில்லை. என் வலப்பக்கம் இன்றைக்கு வந்துவிட்டது; இடப்பக்கம் இன்னும் அவர் அடித்த அந்தச் சாயங்காலத்திலேயே நிற்கிறது. அது திறந்துகொள்ளும்போது முதலில் உள்ளே வரப்போவது எந்தச் சத்தம்?

போன வாரம் அவர் பட்டறைக்கே வந்தார். ஸ்குரூடிரைவரை எலும்பில் வைத்திருந்தேன். வண்டி வந்தது கேட்கவில்லை. கையின் மேல் நிழல் விழுந்தது. தலைமுடிக்குள் வியர்த்தது.

“வூட்டுக்கு வா” என்றார். “ஊரே சிரிக்குது.”

நஸ்ரீன் ஸ்பேனரோடு எழுந்து வந்தாள். “வண்டி ரிப்பேராங்கண்ணா? இல்லைன்னா வழிய வுடுங்க, கஸ்டமர் நிக்கறாங்க.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. என் இடது பக்கமாகக் குனிந்து, காதோடு வாய் வைத்து ஏதோ கிசுகிசுத்தார். கெஞ்சலா, மிரட்டலா, இன்றும் தெரியாது. மூச்சின் சூடு மட்டும் பட்டது. ஓடவேண்டும் போலிருந்தது. ஓடக் கால் இல்லை. அதனால் நின்றேன். சொல்லி முடித்துவிட்டுப் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தார்.

“அந்தப் பக்கம் கேக்காதுங்க. நீங்க அடிச்ச பக்கம்.”