வில்லுக்கு ஒரு சூட்டுப் பெட்டி

உடைந்த வில்லைத்தான் முதலில் பார்த்தேன். தங்கையின் முகத்தை அப்புறம்தான். செங்கல்பட்டு மருத்துவமனை வராந்தாவில் அவள் கணவர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூங்கில் பட்டையும் ஃபைபர் பட்டையும் மாற்றி மாற்றி ஒட்டிச் செய்த வில். பிடிக்கு மேலிருந்த பாதி வாழைமட்டை உரிந்ததுபோல் அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தது.

தங்கை திருப்போரூர் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வில்வித்தை என்றால் அவளுக்கு உயிர். கடப்பாக்கத்தில் ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கும் இவரை அவளாக விரும்பிக் கட்டிக்கொண்டு அப்போது ஆறு வருடம். எங்கள் வீட்டிலிருந்து யாரும் அவர்கள் வாசலை மிதித்ததில்லை. நாங்கள் நிலம் வைத்திருந்தவர்கள், அவர் மீன்பிடிக் குடும்பம் என்பதைத் தவிர, அவரிடம் என்ன குறை என்று கேட்டால் எங்களுக்குச் சொல்லத் தெரியாது.

அந்த வில்லை அவர்தான் அவளுக்காகச் செய்திருந்தார். உச்சி வெயிலில் பயிற்சி. நாணை முழுசாக இழுத்த நேரத்தில் வில்லின் மேல்பாதி பிரிந்து அவள் கன்னத்தில் அடித்திருக்கிறது.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்லன்ட்டாங்க மச்சான். ஏழு தையலு" என்றார்.

"யாருக்கு யாரு மச்சான்? படகு ஒட்டுற பசையில வில்லு செஞ்சிக் குடுத்தியா?"

அவர் வில்லை என்னிடம் நீட்டினார். மறைமலைநகரில் கார் பாகங்களுக்கு அடித்த பெயின்ட்டைச் சூட்டறையில் வேகவைப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில் விரல் தானாகப் பிரிந்த இடத்தைத் தடவியது. மூங்கில் கிழியவில்லை. பசைதான் இளகியிருந்தது.

"நெழல்ல நாலு நாள் காய வெச்சேன், சார்" என்றார். அந்த 'சார்' எனக்கு உறைத்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதே யோசனை. நிழலில் இறுகிய பசை, வெயிலில் வைத்தால் திரும்ப இளகும். வில்லை வளைவுக்கான அச்சில் இறுக்கியிருக்கும்போதே அதற்கும் மேலான சூட்டைக் காட்டிவிட்டால் இளகாது. இதை அவருக்குச் சொல்லக்கூடிய ஆள் அவர் உறவிலேயே ஒருவன் இருந்தான். அந்த ஆளான நான் ஆறு வருடமாக அவரோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடப்பாக்கம் போனேன். கதவைத் திறந்த தங்கை கன்னத்துக் கட்டோடு என்னைப் பார்த்து நின்றாள். "இன்னா, வழி தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள்.

வில்லைச் சூட்டில் வைக்கப் பெட்டி கட்டுவது சுலபம் என்று நினைத்திருந்தேன். ஆளுயரத்துக்கு ஒட்டுப்பலகையில் ஒரு நீளப் பெட்டி; உள்ளே வரிசையாகக் குண்டு பல்புகள்; சூடு எண்பது டிகிரியைத் தொட்டால் தானே அணைக்க ஒரு சிறு கருவி. எந்தக் கடையில் கேட்டாலும் எல்.இ.டி. பல்பையே நீட்டினார்கள். வெளிச்சம் வேண்டாம், சூடுதான் வேண்டும் என்றால் சிரித்தார்கள். கடைசியில் கோழிக்குஞ்சு வளர்க்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் பல்பு கிடைத்தது. சூடு வெளியே போகாமலிருக்க, மீன் பெட்டித் தெர்மாகோலை உள்ளே ஒட்டலாம் என்றது நான். ஒரு மணி நேரத்தில் அது சுருங்கி, நாறி, பல்பின் மேலேயே சொட்டியது.

அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா மச்சான், சூட்டுலயே வேல செய்ற ஆளு நீ! தெர்மாகோலு உருகும்னு தெரியாதா?" மறுபடி 'மச்சான்' என்றுவிட்டதை உணர்ந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தெரியும். மறந்துட்டேன்" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "ஆஸ்பத்திரில நான் பேசினதுகூட தப்புதான்" என்றேன்.

"வுடு மச்சான். அந்தக் கண்ணாடிப் பஞ்ச எடு, அது சூட்டுக்கு உருகாது."

கண்ணாடிப் பஞ்சை வைத்து மறுபடி கட்டினோம். அவர் புதிதாக ஒட்டிய வில்லை அச்சோடு உள்ளே வைத்து ஆறு மணி நேரம் சூடு காட்டினோம், பெட்டியிலேயே ஆறவிட்டோம். நாண் பூட்டியதும், நண்பகல் மணலில் அதை இரண்டு மணி நேரம் வெயில் படக் கிடத்தினோம். பிறகு யார் முதலில் இழுப்பது என்று தகராறு. "என் வேல, நான்தான்" என்றார். என் பைக் ஹெல்மெட்டை அவர் தலையில் மாட்டினேன். ஐம்பது முறை இழுத்தார். ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு நான் ஐம்பது முறை இழுத்தேன். வில் பிரியவில்லை. தங்கை வந்தாள். ஹெல்மெட்டை நீட்டினேன், தள்ளிவிட்டாள். தழும்புக் கன்னத்தோடு நாணை ஒட்டி இழுத்து, கணவரைப் பார்க்காமல், "நீ கண்ண மூடாத, பாரு" என்றாள். அம்பு போய்த் தைத்த சத்தம் கேட்டது.

அவள் இன்றும் அந்த வில்லில்தான் எய்கிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வில் செய்ய, இன்னும் நீளமான பெட்டி ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பைக்கை எடுக்கும்போது, அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். கையில் தூக்குச்சட்டி.

"நானும் வரேன்" என்றாள். ஏறி உட்கார்ந்த பிறகு, யாரையோ விசாரிப்பதுபோல் கேட்டாள்: "மீனு வெக்க எனக்குச் சரியா வராது. அந்தப் புள்ளைக்கு வேற இன்னா புடிக்கும்? தெரியாம வத்தக்கொழம்பு வெச்சிட்டேன்."

"தெனம் மீன் துன்ற ஆளும்மா அவரு" என்றேன். "வத்தக்கொழம்பத்தான் கேப்பாரு."