காப்புக் கட்டிய ஊரிலிருந்து கப்பலுக்கு

1979, பங்குனி. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நெல்லிவாசல்நாட்டின் ஒரு சிற்றூரிலிருந்து நால்வர் புறப்பட்டோம். என் அக்கா பொன்னி. அவள் மகள் எட்டு வயதுச் செல்வி. இடுப்பில் ஒரு வயதுப் பையன். மூவருக்கும் வழிகாட்டியாக நான். சேர வேண்டிய இடம் சென்னைத் துறைமுகம். அங்கிருந்து வெள்ளிக்கிழமை பகலில் அந்தமானுக்குக் கப்பல்.

அக்காவின் கணவர் போர்ட் பிளேரில் ஒரு மர அறுவை ஆலையில் வேலை பார்த்தார். போய் ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. ஆலையார் அவருக்கு ஒரு வீடு ஒதுக்கியிருந்தனர். பங்குனி முடிவதற்குள் குடும்பம் வந்து குடியேறாவிட்டால் அந்த வீடு வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த கப்பலோ சித்திரையில்தான். கப்பல் சீட்டுகளை மாமா வாங்கி அனுப்பிவிட்டார். துறைமுகம்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. அக்கா அதுவரை போளூருக்கு அப்பால் சென்றதில்லை.

நெல்லிவாசலிலிருந்து சென்னைக்கு எவரைக் கேட்டாலும் ஒரே வழியைச் சொல்வார்கள். மேற்கே ஜீப்பில் இறங்கித் திருப்பத்தூர், அங்கிருந்து ரயில். நான் வகுத்த வழி வேறு. மலைமீதே கிழக்கு நோக்கி நடந்து, நானும் அக்காவும் பிறந்த ஊரான வேங்கைமரத்தூரை அடைவது. அங்கே ஒருவேளை உணவு. பிறகு ஒற்றையடிப் பாதையில் படவேட்டுக்கு இறங்கி, சந்தவாசலில் பேருந்து பிடிப்பது. பெரியவர்களுக்குத் தலைக்குப் பதினோரு ரூபாய், செல்விக்கு அரைக் கட்டணம், கைக்குழந்தைக்கு ஒன்றுமில்லை. மலையில் நடப்பதற்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை. மூன்று கல்லூரிகளின் சொற்போர் மேடைகளில் வெள்ளிக் கோப்பை வென்றவன் நான்; இந்த வழியையும் ஒரு வாதத்தைப் போலவே, எதிர்ப்பக்கம் நுழைய இடமில்லாமல் கட்டியிருந்தேன்.

அன்றைய நடையை இன்று நினைத்தாலும் அது நடை என்று தோன்றவில்லை. அறுவடையான சாமைக் கொல்லைகள் வெளிறிய பாய்களாய் விரிந்து கிடந்தன. புளிய மரங்களின் உச்சியில் ஆட்கள் நின்று கிளைகளை உலுக்க, கீழே பழம் உதிரும் ஒலி தூறலைப் போல் வந்து வந்து அடங்கியது. எங்கோ ஒரு மாட்டின் கழுத்து மணி கேட்கும். மாடு கண்ணில் படாது. ஓடைகளில் நீர் வற்றியிருந்தது. ஆயினும் ஓடையைக் கடக்கும்போதெல்லாம் செல்வி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எதுக்குடி தூக்கற? தண்ணியா கீது?” என்றாள் அக்கா.

“கப்பல்ல எறங்கறப்ப நனையக் கூடாதில்ல. இப்பவே பழகிக்கறேன்.”

இரவு வழியில் ஓர் உறவினர் வீட்டில் தங்கினோம். மறுநாள், செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரைக்கு வேங்கைமரத்தூர் வந்தது.

ஊர் முகப்பில் வேப்பிலைத் தோரணம் ஆடியது. அம்மனுக்கு அன்று மாலை காப்புக் கட்டு என்று அம்மா சொன்னாள். எங்கள் மலையில் இதன் பொருளைச் சிறு பிள்ளையும் அறியும். பூசாரி அம்மன் கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டால், ஒன்பதாம் நாள் அதை அவிழ்க்கும்வரை ஊருக்குள் இருப்பவர் எவரும் எல்லையைத் தாண்டலாகாது. நான் கணக்கிட்டேன். காப்புக் கட்டு பொழுது சாயும் நேரத்தில். நாங்கள் இரண்டு மணிக்கே இறங்கிவிடுவோம். இடையே நான்கு மணி நேரம் இருந்தது.

அம்மா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் பரிமாறினாள். அக்கா போதும் என்றாள். அம்மா காதில் வாங்கவில்லை. “அந்தத் தீவுல சாமை கெடைக்குமா? துன்னு” என்று மறுபடியும் அள்ளி வைத்தாள். அந்த இரண்டாம் அகப்பைச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது பம்பை முழங்கியது. கிழக்கே மேகம் திரள்வதைக் கண்ட பூசாரி, மழை வந்து தீபத்தை அணைத்துவிடுமோ என்று அஞ்சி, நண்பகலிலேயே காப்பைக் கட்டிவிட்டார். அக்காவின் கை இலையிலேயே நின்றது.

பகல் ஒரு மணி. கோவில் முன் ஊர் கூடியிருந்தது. ஊர்க்கவுண்டர் எனக்குப் பங்காளி முறையில் பெரியப்பா. நான் அவரிடம் அனுமதி வேண்டினேன். அவர் தலையசைத்து மறுத்தார். எனவே வாதாட நேர்ந்தது. அதற்கு நான் வருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் சொந்த ஊர் என் பேச்சை அதுவரை கேட்டதில்லை.

“சபையோரே, கேள்வி ஒன்றுதான். காப்பு யாரைக் கட்டும்? ஊருக்குள் நிற்பவரை எல்லாம் கட்டும் என்றால், அதோ வளையல் கூடையோடு வந்திருக்கும் வியாபாரியையும் கட்டுமா?”

“எனக்கு ராவுக்குள்ள கண்ணமங்கலம் போவணுங்க” என்று வளையல்காரர் அவசரமாக எழுந்தார். சிரிப்பு எழுந்தது. நான் அது அடங்கும்வரை காத்திருந்தேன். மேடையில் கற்ற வழக்கம்.

“கட்டாது. காப்பு கட்டுவது தலைக்கட்டை. எந்த வீடு இந்த அம்மனுக்கு வரி கொடுத்ததோ, அந்த வீட்டாரை. என் தமக்கை மணமாகிப் பத்தாண்டுகள் ஆகின்றன. அவள் வீட்டு வரி நெல்லிவாசல்நாட்டில். இவ்வூரில் அவளுக்கு வரியும் இல்லை, கடமையும் இல்லை. அவள் விருந்தாளி. விருந்தாளியைத் தடுக்க அம்மனின் கயிற்றுக்கும் உரிமை இல்லை.”

கூட்டத்தில் ஒப்புதலின் முணுமுணுப்பு பரவியது. அக்கா பெண்கள் பக்கம் நின்று பையனின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியப்பா வெற்றிலையை மென்று முடித்தார். “நல்லாத்தான் பேசற. படிக்க வச்சது வீண் போவல. சரி, பொன்னி அசலூரு. அவளும் புள்ளைங்களும் போவட்டும்.” பிறகு என்னை ஏறிட்டார். “நீ எந்த ஊரு?”

தந்தை இறந்தபின் எங்கள் வீட்டுத் தலைக்கட்டு என் பெயரில் இருந்தது. அவ்வாண்டு வரியை என் கையாலேயே கொடுத்திருந்தேன். அக்காவை விடுவித்த அதே வாதம் என்னைக் கட்டிவிட்டது.

“அவன் ஆஸ்டல்லதான சோறு துன்றான்? அவனையும் அசலூருன்னு வச்சிக்கலாம்” என்றார் ஒருவர், எனக்கு உதவும் எண்ணத்தில்.

“வச்சிக்கலாம். அவனே சபையில ஒரு தபா சொல்லட்டும், நான் இந்த ஊரு இல்லன்னு. வரியத் திருப்பிக் குடுத்துட்றோம்” என்றார் பெரியப்பா.

ஏறிய மேடைகளில் எல்லாம் என் பெயருக்கு முன் ஊர்ப்பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கியிருக்கிறேன். எனினும் கப்பல் காத்திராது. வாயைத் திறந்தேன். ஆனால் அதற்குள் அக்கா முன்னே வந்துவிட்டாள்.

“அவன் இருக்கட்டும் பெரியப்பா. ரெண்டு பேரும் அசலூரா பூட்டா எங்கம்மா யாரு மொகத்துல முழிக்கும்? நான் போய்க்கறேன்.”

“மெட்ராசுக்கா? ஒண்டியாவா?”

“அதான் செல்வி கீறாளே.”

பகல் இரண்டு மணி. எல்லைக்கல் வரை நான் செல்லலாம் என்றார்கள். மேகம் பெய்யாமலே கலைந்துவிட்டிருந்தது. மஞ்சள் பூசிய அந்தக் கல்லருகே நின்று வழி முழுவதையும் அக்காவுக்கு ஒப்பித்தேன். “கீழே படவேடு. அங்கிருந்து சந்தவாசல். இரவு அங்கே பெரியம்மா மகள் வீட்டில் தங்கு. புதன் காலை ஏழு மணிக்கு ஆரணி வழியாகச் சென்னைப் பேருந்து. பாரிமுனையில் இறங்கு. அங்கிருந்து துறைமுகம் நடக்கும் தொலைவு. வெள்ளிவரை அங்கே பயணிகள் கொட்டகையில் இரு. நடத்துநரிடம் முன்கூட்டியே...”

“சொன்னதையே சொல்லாதடா. கொழந்த தூங்குது” என்றாள். மூட்டையைத் தலையில் ஏற்றினாள். கல்லைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றாள். கும்பிடுவாளோ என்று பார்த்தேன். குனிந்து செல்வியின் காலில் தைத்த முள்ளைப் பிடுங்கினாள். பிறகு மூவரும் மூங்கில் புதருக்குப் பின்னால் இறங்கிப் போனார்கள்.

இதற்குப்பின் என் பயணம் நடந்த விதத்தை வாசகர்கள் விந்தையாகக் கருதக்கூடும். நான் வேங்கைமரத்தூரை விட்டு அகலவில்லை. ஆனால் என் மனம் அங்கு ஒரு நாழிகைகூடத் தங்கவில்லை.

புதன் காலை ஏழு மணிக்குப் பலாமரத்தடியில் படுத்திருந்தேன். சந்தவாசலில் பேருந்து புறப்பட்டது. சன்னலோரத்தில் செல்வி. கரும்புத் தோட்டங்கள் பின்னால் ஓடின. ஆரணியில் பட்டுத்தறிகளின் ஓசை. பம்பைக்காரர்கள் தாளத்தை மாற்றும்போதெல்லாம் பேருந்து ஒரு பாலத்தைக் கடந்தது. ஊரார் கூழ் ஊற்றினார்கள், வாங்கிக் குடித்தேன், என் நாவில் அது காஞ்சிபுரத்துத் தேநீராக இறங்கியது. வியாழனன்றும் அக்கா பாரிமுனையிலேயே வழி தெரியாமல் நின்றாள். எத்தனை முறை முயன்றும் அவளை அந்தச் சாலையைக் கடக்கவைக்க என்னால் முடியவில்லை. நான் சென்னையைப் பார்த்ததில்லை. ஆகவே நான் கண்ட சாலைக்கு அகலம் கூடிக்கொண்டே போனது.

வெள்ளிக்கிழமை நண்பகலில் கோவில் கொம்பு நீண்டு ஒலித்தது. கப்பல் புறப்பட்டது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அக்கா அதில் இருந்தாளா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அம்மா அந்த நாட்களில் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் ஏதேனும் பதிலைக் கட்டியிருப்பேன்.

அடுத்த புதன்கிழமை காப்பு அவிழ்ந்தது. வியாழன் விடிந்ததும் கீழே இறங்கினேன். காலை ஒன்பதரைக்குப் படவேடு, பதினொன்றுக்குச் சந்தவாசல். பெரியம்மா மகள் என்னைக் கண்டதும், “பொன்னியா? ஒரு ராத்திரி தங்கினா. காலையில போனா. பஸ்ஸுதான் அன்னிக்கு வரல. நீ போயி புளி மண்டியில காதர் பாயைக் கேளு” என்றாள்.

காதர் பாய் ஆரணிக்காரர். மலைப்புளியைச் சென்னைக்கு ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர். மூட்டைகளின்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன்.

“ஓ, நீதானா அந்தத் தம்பி? வழியெல்லாம் உன் பேச்சுதாம்பா. 'ஏழு மணிக்கு பஸ்ஸு, எங்க தம்பி சொல்லிக்கீறான்'னு ஒன்பது மணி வரைக்கும் ரோட்லயே நிக்கறாங்க. அந்த பஸ்ஸு முந்தாநாளே போளூர்ல படுத்துக்கிச்சு. இன்னா பண்றது, என் வண்டியில ஏத்திக்கினேன்.”

“எவ்வளவு கொடுத்தார்கள்?”

“காசா? ஆரணியாண்ட ரெண்டு மூட்டை கிழிஞ்சு புளி கொட்டுது. கோணி ஊசி வாங்கி ஜம்முனு தெச்சுக் குடுத்தாங்க. அவங்க கிட்டப் போயி காசு வாங்கினா என் பொண்ஜாதி வூட்ல சேப்பாளா? கொத்தவால்சாவடியில மண்டிக்காரம்மா வூட்ல ரெண்டு நாளு தங்க வச்சேன். எனக்கும் திரும்பற லோடு வெள்ளிக்கிழமைதான்.”

“கப்பல்?” என்றேன்.

“ஏறினாங்கப்பா. கப்பலாண்ட வரைக்கும் நான்தான் இட்டுக்கினு போனேன். பையன் இடுப்புல, பொண்ணு கையில. பாவாடையைத் தூக்கிப் புடிச்சுக்கினு அந்தப் பொண்ணு ஏறினதைப் பாத்து போலீஸ்காரரே சிரிச்சாரு.” பாய் பீடியை ஒருமுறை இழுத்தார். “கடலப் பாத்தா பயந்துடுவாங்கன்னு நெனச்சேன். பயப்படல. 'இவ்ளோதானா பாய், எங்க ஊர்ல விடிகாலையில மேகம் கீழ படுத்துனு இருக்கும், அத மாதிரிதான் கீது'ன்னாங்க. எந்த ஊரும்மா உங்குளுதுன்னேன். வேங்கைமரத்தூருன்னாங்க.”

“நெல்லிவாசல் என்று சொல்லவில்லையா?”

“அந்தப் பேரே எனக்குத் தெரியாதேப்பா.”

அவர் எனக்கு ஒரு தேநீர் வாங்கித் தந்தார். மறுநாள் லாரி சென்னைக்குப் புறப்படும், வந்தால் கடலைக் காட்டுகிறேன் என்றார். கல்லூரி திறந்திருந்தது என்பதைக் காரணமாகச் சொன்னேன். உண்மையில் அம்மாவிடம் அந்தப் பதிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அவசரம் எனக்கு.

பொழுது சாயுமுன் மலையேறினேன். நான் சொன்னதை அம்மா அடுப்படியில் நின்றபடியே கேட்டாள். “எந்த ஊருன்னா?” என்று மீண்டும் கேட்டாள். மீண்டும் சொன்னேன். மூன்றாம் முறையும் கேட்டாள்.

மறுநாள் விடியுமுன் எழுந்து கிழக்குச் சரிவின் விளிம்புக்குச் சென்றேன். கீழே படவேடு இல்லை, சந்தவாசல் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை வெண்மேகம் அசையாமல் படுத்திருந்தது. பிறந்த நாளிலிருந்து பார்த்த காட்சிதான். கடலைப் பற்றி இனி எவரேனும் என்னைப் பேச அழைத்தால், நான் பேசக்கூடியது இவ்வளவே: அது எங்கள் ஊரில் இருக்கிறது, அதன் அக்கரையில், மர ஆலைக்கு அருகே, இந்நேரம் என் அக்கா அடுப்புப் பற்றவைத்திருப்பாள்.